பழைய கணினியை நான் அழித்த விதம்

கணினித் திரையில் எழும்பி வருகிற கேள்விகளை முழுதாக வாசித்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். அது நான் இல்லை.

வுப்பர்டாலில் ஒரு பெரிய பண்டகசாலையில் எனக்கு வேலை. பெட்டிகளை ஸ்கேன் பண்ணுகிற கைக்கருவி நின்றுபோனால் அதைத் தட்டி உயிர்ப்பிக்கிறவன் நான்தான். அந்த ஒரேயொரு தகுதியை வைத்துக்கொண்டு, தொழில்நுட்பம் என்றால் ஊரே என்னைக் கேட்டுத்தான் நடக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது. (வளர்த்தது வேறு ஆருமில்லை, நான்தான்.)

ஆகவே புது மடிக்கணினி வாங்கிப் பழையதை விற்பது என்று முடிவானபோது, ஸ்டுட்கார்ட்டில் படிக்கிற மகள் ஆரணி தொலைபேசியில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்பா, அதில இருக்கிறதெல்லாத்தையும் வடிவா அழிச்சுப்போட்டுத்தான் விக்கவேணும். அடுத்த மாசம் நான் வந்து செய்து தாறன். அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதேங்கோ."

"பிள்ளை, நீ பிறக்க முந்தியே நான் கம்பியூட்டர் பாத்தவன்," என்றேன்.

பார்த்தது உண்மை. ஒரு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

மனைவி வசந்திக்கு வேறு கவலை. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். அங்கே ஒரு பகுதிக்கே பொறுப்பாளராவதற்கான படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருந்தாள். இறுதிக் கட்டுரை இருபத்தாறு பக்கம். மறதி நோய் வந்தவர்களுக்கு எப்படிப் பொறுமையாகச் சாப்பாடு கொடுப்பது என்பதைப் பற்றியது. வேலையால் வந்து, சமைத்து, நான்கு மாதமாக அந்தப் பழைய கணினியில் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை கையளிக்கவேண்டும்.

"என்ர கட்டுரையை எடுத்து வைச்சிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"எல்லாம் யூ.எஸ்.பி. ஸ்டிக்கில ஏத்தியாச்சு. நீர் ஏன் பயப்பிடுறீர்?"

ஏற்றியது பொய்யில்லை. திரையில் இருந்த கோப்புறைகளை ஒவ்வொன்றாக ஸ்டிக்குக்கு இழுத்துப் போட்டேன். இருபது வருடக் குடும்ப வாழ்க்கை இரண்டே விநாடியில் ஏறி முடிந்தது. புது ஸ்டிக், அதுதான் இந்த வேகம் என்று நினைத்தேன். ஒவ்வொரு கோப்புறைப் படத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அதையும் ரசித்தேன்.

பிறகு அழிக்கும் படலம். கணினி ஜெர்மன் மொழியில் இரண்டு வழிகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. ஒன்று, 'எல்லாவற்றையும் அகற்று'. மற்றது, 'எனது கோப்புகளை வைத்திரு'. எல்லாவற்றையும் அகற்றினால் வாங்குகிற மனிதருக்கு வெறும் தகரம்தானே மிஞ்சும்? அது நியாயமில்லை. மற்றது நல்ல மரியாதையான ஏற்பாடாகத் தெரிந்தது. என் கோப்புகளைக் கணினி எங்கோ பத்திரமாக எனக்காக வைத்திருக்கப்போகிறது. ஸ்டிக் தொலைந்தாலும் பயமில்லை. இரண்டாவதை அழுத்தினேன்.

ஒரு மணித்தியாலம் அது சுற்றிச் சுற்றி வேலை செய்தது. முடிந்ததும் பார்த்தால் நாங்கள் பாவித்த செயலிகள் ஒன்றும் இல்லை. 'அகற்றப்பட்ட செயலிகள்' என்று ஒரு பட்டியல் மட்டும் திரையில் கிடந்தது. அதை நான் அழிப்புச் சான்றிதழ் என்றே எடுத்துக்கொண்டேன். பட்டியலை அச்சடித்து, கீழே கையெழுத்தும் வைத்தேன். (சிரிக்காதேங்கோ, திகதியும் போட்டனான்.)

வியாழக்கிழமை, இணைய விளம்பரத்தைப் பார்த்து ஹெர் (நம் மொழியில் 'திரு') பெர்க்மன் என்ற ஓய்வுபெற்ற பெரியவர் வந்தார். சான்றிதழை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி முழுவதையும் வாசித்தார். "இவ்வளவு ஒழுங்கான விற்பனையாளரை நான் கண்டதில்லை," என்று கைகுலுக்கிவிட்டுக் கணினியைக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை காலை வசந்தி புதுக் கணினியில் ஸ்டிக்கைச் செருகினாள்.

"இஞ்சாருங்கோ, இது திறக்குதில்லை."

"ரெண்டு தரம் அமத்தும்."

"பத்துத் தரம் அமத்திட்டன்."

நான் போய் அமத்தினேன். குறிப்பிட்ட கோப்புறை இந்தக் கணினியில் இல்லை என்று செய்தி வந்தது. ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தோம். அம்புக்குறி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

"அப்பா, அது வீடில்லை. வீட்டுக்குப் போற வழியைக் காட்டுற பலகை. நீங்கள் பலகையைக் கழட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்கள். வீடு பழைய கம்பியூட்டருக்குள்ள இருந்தது. அதை நீங்கள் அழிச்சிட்டீங்கள்தானே?"

வசந்தி சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கதிரையில் இருந்து, "நாலு மாசம்," என்றாள். அவ்வளவுதான். அந்த நாலு மாதமும் வேலை உடுப்போடு மேசையில் இருந்து ஒவ்வொரு சொல்லாக அகராதி பார்த்து அவள் எழுதியது என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

வேறு வழி தெரியாமல் ஹெர் பெர்க்மனை அழைத்தேன்.

"நல்லதாயிற்று," என்றார் அவர். "நானே கூப்பிட இருந்தேன். நீங்கள் இன்னும் கணினிக்குள்தான் இருக்கிறீர்கள்."

"நானா?"

"கழுத்துப்பட்டி கட்டியபடி. கணினியைப் பற்றிய செய்முறை விளக்கமாக்கும் என்று நினைத்து இரண்டு காணொளிகளைப் பார்த்துவிட்டேன். மன்னிக்கவேண்டும்."

கோப்புகளை வைத்திரு என்றால் உள்ளேயே வைத்திரு என்றுதான் அர்த்தமாம்! கட்டுரை உயிரோடு இருக்கிறது என்று நான் துள்ளினேன். துள்ளி முடித்த பிறகுதான் 'கழுத்துப்பட்டி' என்ற சொல் மண்டைக்குள் ஏறியது.

எங்கள் ஓபர்பார்மனிலிருந்து அவர் இருக்கிற வோவிங்கல் வரைக்கும், தொங்கு ரயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனோம். வழி முழுவதும் வசந்தி ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களையும் கூப்பிட்டு, அந்தக் காணொளிகளை மட்டும் அழித்துவிடச் சொல்லி மன்றாடினேன்.

விஷயம் இதுதான். முந்திய வருடம் பண்டகசாலையில் அணித் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்குத் தயாராவதற்காக, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் என்னை நானே ஜெர்மனில் பேட்டி கண்டு பதிவு செய்திருந்தேன். மொத்தம் பதினொரு காணொளி. (பதவி கிடைக்கேல்லை, அது வேற கதை.)

ஹெர் பெர்க்மன் கோப்பி வார்த்துத் தந்தார். வசந்தி முதலில் கட்டுரையைத் திறந்தாள். இருபத்தாறு பக்கமும் இருந்தன. கடைசிப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அதோடு எழும்பியிருக்கலாம்.

"இதில கிடக்கிற இந்தக் காணொளி என்னது?" என்று கேட்டாள்.

"ஏழாவதைப் பாருங்கள்," என்றார் பெர்க்மன், மிக மரியாதையாக.

திரையில் நான். வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டி, படிய வாரிய தலை. "உங்கள் தலைமைத்துவ அனுபவம் என்ன?" என்று தடித்த குரலில் நானே கேட்கிறேன். பிறகு என் சொந்தக் குரலில் பதில் சொல்கிறேன்: "பல வருடங்களாக வீட்டில் நான்தான் தலைவர். என் மனைவி என்னைக் கேட்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை."

அந்த இடத்தில் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த வசந்தியின் குரல் பதிவாகியிருந்தது. "இஞ்சாருங்கோ! மஞ்சள் குப்பைப் பையை இன்னும் வெளியில வைக்கேல்லையோ?"

"ஓம் ஓம், இந்தா வாறன்!" என்று தலைவர் பதறி எழும்புகிறார். சட்டைக்கும் கழுத்துப்பட்டிக்கும் கீழே, இடுப்பில் கட்டம் போட்ட சாரம்.

வசந்தி மேசையில் தலையை வைத்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை. ஹெர் பெர்க்மன் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். அவர் முப்பது வருடம் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பொறுப்பில் இருந்தவராம். "உங்களை நான் நிச்சயம் எடுத்திருப்பேன்," என்றார். "எழும்பாமல் இருந்திருந்தால்."

அதன் பிறகு வசந்தியே கணினியின் முன்னால் இருந்தாள். கட்டுரையையும் படங்களையும் ஸ்டிக்கில் ஏற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். திரையில் வந்த கேள்விகளைச் சத்தமாக வாசித்து, எல்லாவற்றையும் அகற்றுகிற வழியை அழுத்தினாள். பதினொரு காணொளிகளையும் அவள் முதலிலேயே ஏற்றிவிட்டாள் என்பது ஆரணியின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு ஆட்கள் வந்து, தொலைக்காட்சியில் அவற்றைப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

கட்டுரை திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. நல்ல புள்ளி கிடைத்து, இப்போது வசந்தி பகுதிப் பொறுப்பாளர். அவளுக்குக் கீழே பதினாறு பேர். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் ஹெர் பெர்க்மனிடமிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. உறையின் மேல், 'தலைவி அவர்களுக்கும் அவருடைய பணியாளருக்கும்' என்று எழுதியிருப்பார். போன முறை அட்டையின் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "பணியாளரின் தகுதிகாண் காலம் முடிந்துவிட்டதா?"

வசந்தி அன்றைக்கே பதில் எழுதினாள்.

"இல்லை. இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறேன்."