மாப்பிள்ளை சரிபார்த்த கருத்துக்கணிப்பு

மக்கள் மனதில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது சுலபம், கேட்கிறவன் அந்த ஊரில் பெண் எடுக்காதவனாக இருந்தால். இது புரிவதற்கு எனக்கு ஒரு வேலை போக வேண்டியிருந்தது.

அப்போது வில்லியனூரிலிருந்து ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். தற்காலிக வேலை, சீக்கிரம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்தல் சீர்திருத்தம் பற்றி மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கலைச்செல்வி என்ற பெண் கேட்டு எழுதிய பதில்கள் நம்பத் தகுந்தவையா என்று மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அந்த ஊரை நானேதான் கேட்டு வாங்கினேன். என் மாமனார் ஊர். (மதியம் நாட்டுக்கோழி நிச்சயம்.)

முதல் வீட்டில் கேட்டேன்: "சட்டசபைக்கும் பார்லிமெண்ட்டுக்கும் ஒரே நாள்ல எலெக்‌ஷன் வெக்கலாமா?"

"வெக்கலாம் மாப்ள. மொதல்ல உக்காந்து மோர் குடிங்க."

"தனித்தனியா வெக்கலாமா?"

"தாராளமா வெக்கலாம்!"

ஓட்டுப் போடாதவர்களுக்கு அபராதம்? போடலாம். போடாமலும் விடலாம். பதினோராவது வீட்டில் எனக்கு மோர் தொண்டை வரைக்கும் நின்றது. கலைச்செல்வியின் படிவங்களிலோ பாதிப் பேர் 'கூடாது' என்றிருந்தார்கள். மூளை உள்ளவன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பான். நானோ அவள் வீட்டில் உட்கார்ந்தே நிரப்பிவிட்டாள் என்று முடிவுகட்டி, "நம்பகத்தன்மை அறவே இல்லை" என்று எழுதி, ஸ்டைலாகக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் மேலாளர் அம்மா அவளைக் கூப்பிட்டார். "ஒவ்வொரு வூட்லயும் நின்னு கேட்டேன் மேடம்" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் ஒரு படிவத்திலிருந்த எண்ணுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவர் என் மாமனாரின் அண்ணன்.

"ஐயா, ஒரே நாள்ல தேர்தல் வெக்கலாம்னு சொன்னீங்களா?"

"அந்தப் பொண்ணுகிட்ட வாணாம்னுதான் சொன்னேன். அப்புறம் எங்க மாப்ள வந்து கேட்டாரு. பொண்ணக் குடுத்த எடத்துல எதுத்துப் பேச முடியுமாம்மா? அவரு இன்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்கன்னு தெருவுக்கே சொல்லி வெச்சிட்டேன்." பிறகு பாசமாகக் கேட்டார்: "அவருக்கு வேல பர்மனென்ட் ஆயிடுச்சாம்மா?"

ஆகவில்லை. இருந்த வேலையும் போய், என் நாற்காலியில் கலைச்செல்வி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல சார்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இன்றைக்கும் குழம்பு நன்றாக இருக்கிறதா என்று மனைவி கேட்டு நான் தலையாட்டினால், கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்கிறாள்:

"இது நெசமான ஆமாவா, எங்க ஊரு ஆமாவா?"