பார்த்துச் சரிபார்த்த பத்து வீடியோக்கள்

எங்கள் பள்ளி நூலகத்தை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துவது என்று சனிக்கிழமை காலை சபதம் எடுத்தேன். அங்கே நான்தான் நூலகர். நூலகம் என்றால் இரண்டு அலமாரி, மூன்று காலில் நிற்கும் ஒரு மேசை, மனசு வந்தால் மட்டும் படம் காட்டும் ஒரு டி.வி. அதில் போட்டுக்காட்டப் பத்துக் கல்வி வீடியோ தேடச் சொல்லி தலைமையாசிரியை படிவம் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றையும் முழுசாகப் பார்த்து, அதில் உள்ளதைச் செய்தும் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும்.

மதியம் கிரிக்கெட் இறுதி ஆட்டம். மடியில் லேப்டாப், காதில் இயர்போன். கல்விப்பணியில் இருப்பவனை யார் அசைக்க முடியும்?

"என்னங்க, குழாய் ஒழுகுது."

"பசங்களோட எதிர்காலமே ஒழுகிட்டிருக்கு, நீ குழாயைப் பத்திப் பேசறே!"

வழக்கமாக இதற்கே வீடு ரெண்டாகும். அன்றைக்கோ என் மனைவி முகத்தில் அப்படி ஒரு பரிவு.

"பாவம், தனியா அல்லாடறீங்க. நானே தேடிப் படிவத்துல எழுதிடறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

உருகிப்போனேன். இவளையா இத்தனை வருஷம் சந்தேகப்பட்டேன்! கடைசி ஓவரில் படிவம் மூக்குக்கு நேராக வந்தது. கண்ணை எடுக்காமல் பத்துக் கையெழுத்துப் போட்டேன். அதை அவளே போட்டோ எடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பியும் விட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் தலைமையாசிரியையின் போன்.

"அசத்திட்டீங்க சார்! எரிமலை, கிரகணம்னு அனுப்புவீங்கன்னு நெனச்சேன். குழாய் ரிப்பேர், ஒட்டடை அடிக்கறது, ஃபேன் துடைக்கறது, பாத்ரூம் கழுவறது... பத்தையும் நீங்களே செஞ்சு பாத்திருக்கீங்களே!"

"அது வந்து... மேடம்..."

பார்க்கவே இல்லை என்றால் பொய்க் கையெழுத்து. வேலைக்கே உலை.

"ஆமாங்க மேடம். பத்தும் செஞ்சேன்."

"நம்ம டி.வி.யை நம்ப முடியாது, பசங்க முன்னாடி அவரே செஞ்சு காட்டுவார்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. திங்கக்கிழமை காலைல வெச்சுக்கலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் துடைப்பத்தோடு அவள் நின்றிருந்தாள்.

"இப்படி மாட்டிவிட்டுட்டியே! எனக்கு இதுல ஒண்ணுகூடத் தெரியாதே!"

"எதுக்குப் பயப்படறீங்க? இன்னிக்கு நம்ம வீட்ல ஒத்திகை. நாளைக்கு எங்கம்மா வீட்ல."