ஓக் மரத்தின் மானம்

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் ஓக் என்று சீட்டு ஒட்டிய சோதனைக் குழாயில் ஊதா நிறம் அப்படியே இருந்தது. பக்கத்தில் மல்பெரிக் குழாய் வெளுத்து, இளமஞ்சளாகியிருந்தது.

கணக்கு எளிது. ஊதாத் திரவம் எவ்வளவு வெளுக்கிறதோ, அந்த மரத்தில் ஊறிய சாராயத்தில் அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட். உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் சத்து. அதைச் சாராயத்தில் தேடுவது கொள்ளைக்காரனிடம் நன்கொடை ரசீது கேட்பது போலத்தான். ஆனால் வடிசாலையின் வேதியியலாளரான அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். அந்த வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

முற்றம் நிறைய ஓக் பீப்பாய்களை வாங்கி அடுக்கியிருந்த முதலாளி எட்டிப் பார்த்தார்.

"எது ஜெயிச்சுது?"

"மல்பெரி சார்."

"அது பட்டுப்பூச்சி திங்கிற மரம்மா. மறுபடி பண்ணு."

கிடங்குக்காரர் அதே இரண்டு ஜாடிகளையும் மறுபடி தூக்கி வந்தார். ஒன்றில் ஓக் துண்டுகள், இன்னொன்றில் மல்பெரித் துண்டுகள், இரண்டும் சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்தன. அவள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, புதிதாகத் திரவம் கலந்து, முதலிலிருந்து செய்தாள். மல்பெரி இன்னும் வேகமாக வெளுத்தது.

"உன்னை நிரந்தரம் பண்ற காகிதம் என் மேஜையிலதான் இருக்கு," என்றார் முதலாளி, வானிலையைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி. "ஏதாவது பண்ணும்மா."

அவள் தன் கோப்பையிலிருந்த தேயிலைச் சாற்றில் சில சொட்டு எடுத்து ஓக் குழாயில் விட்டாள். தேயிலையிலும் அதே சத்து உண்டு; ஊதா இருந்த இடம் தெரியவில்லை. முதலாளிக்கு வந்த சந்தோஷத்தில், நாளைக்கே வந்து கண்ணால் பார்க்கச் சொல்லி மொத்தக் கொள்முதல்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

"நாங்களே எங்க கையால ஊத்திப் பாக்கலாமில்ல?" என்று அவர்கள் கேட்டார்களாம்.

"தாராளமா," என்றாராம் இவர்.

அவர்களே ஊற்றினால் தேயிலைச் சொட்டுக்கு வழியில்லை. வீட்டில் கணவனிடம் சொன்னாள்.

"குடிக்கிறவன் மரத்தையா பாக்கறான்? ஜாடியில ஒட்டின சீட்டை மாத்திடு. வேலை நிரந்தரமானதும் நேர்மையா இருந்துக்கலாம்."

"நேர்மைக்கு லீவு போடச் சொல்றீங்க."

"அரை நாள் போதும்டி."

காலையில் யாரும் வருமுன் இரண்டு ஜாடிகளின் சீட்டையும் கிழித்து இடம் மாற்றி ஒட்டினாள். அவசரத்தில் ஓக் சீட்டு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது.

கொள்முதல்காரர்களின் தலைவி வெள்ளி முடியை ஒதுக்கிக்கொண்டு தன் கையாலேயே ஊற்றினார். ஓக் வெளுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி, ஓக்கைத் தானே பெற்று வளர்த்தவர் போலக் கண் கலங்கினார்.

"உங்க பேரைப் போட்டே விளம்பரம் பண்ணிடலாம்," என்றார் அந்த அம்மாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "உங்களைப் பாத்தா பொய் சொல்ற முகமா தெரியல."

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"பொய்தான் சொன்னேங்க. சீட்டை மாத்தினது நான்தான். நிஜமா ஜெயிச்சது மல்பெரி."

முதலாளியின் கண்ணீர் பாதி வழியில் நின்றது.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை போகும்னு தெரிஞ்சும் சொல்றீங்களே. இப்படி ஒருத்தி இருக்கிற இடத்தை விட்டுட்டு வேற எங்க போய் வாங்குவோம்? எங்களுக்கு மல்பெரியே குடுங்க. அஞ்சு வருஷத்துக்கு."

முதலாளி ஒரு நொடியில் மல்பெரிக்குச் சொந்தக்காரரானார். "நான் அப்பவே சொன்னேன், பட்டே அதிலேர்ந்துதானே வருது," என்றார். அங்கேயே அவளுடைய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஓக் பீப்பாய்களைக் குறுக்கே அறுத்துப் பூந்தொட்டி ஆக்கச் சொல்லி ஆளையும் அனுப்பினார்.

முற்றத்தில் முதல் பீப்பாயில் ரம்பம் இறங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் கிடங்குக்காரர் வந்து நின்றார்.

"உங்களை மாதிரி உண்மையை ஒத்துக்கணும்னு எனக்கும் தோணுது மேடம். முதல் நாள் நீங்க சாப்பிடப் போனப்ப, ஓக் குழாய் வெளுத்துப்போய்க் கெடந்துச்சு. ஐயோ நம்ம மரம் தோத்துடுச்சேன்னு, ஜாடியிலயும் குழாயிலயும் சீட்டை நான் அப்பவே மாத்தி ஒட்டிட்டேன்."