புரட்டாசியில் பிடித்த மீன்

ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால், "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்று சொல்கிறவர்கள் உண்டு. "இதைச் செஞ்சவன் மடையன்" என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் பிறவியிலேயே இரண்டாம் வகை. ஒருமுறை எங்கள் வீட்டு மிக்ஸி ஓடவில்லை. அதைத் தயாரித்தவனின் பரம்பரையையே திட்டி முடித்த பிறகுதான் கரண்ட் இல்லை என்பதைக் கவனித்தேன். (கவனித்த பிறகு கரண்ட்டைத் திட்டினேன்.)

இந்தக் குணத்தோடுதான் நான் ஒரு விஆர் ஹெட்செட் வாங்கினேன். அது இரண்டு கண்ணையும் முழுதாக மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெட்டி. மாட்டிக்கொண்டால் எங்கள் ஊர் நெரவியில் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே பனிமலையில் நிற்கலாம். கைக்கு ஒன்றாக இரண்டு கன்ட்ரோலர்கள் கொடுப்பார்கள். நாம் கையை ஆட்டினால் உள்ளே தெரிகிற கையும் ஆடும். கம்ப்யூட்டர், வயர் எதுவும் தேவையில்லாத, விலை குறைந்த ரகம் என்னுடையது. நாளெல்லாம் காரைக்காலில் ஆபீஸ் ஃபைல், மாலையில் நெரவியில் பனிமலை என்று வாழ்க்கை சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரே வாரத்தில் நான் அதில் நிபுணன் ஆகிவிட்டேன். (கூடவே வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. நிபுணர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை.) கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் உள்ளே அந்தக் கை காணாமல் போனது. வேகமாக வீசினால் கொஞ்சம் தாமதித்து வந்தது. விட்டேனா? 'விலை குறைந்த ஹெட்செட்டுகளுக்கு இன்னும் நல்ல கன்ட்ரோலர் வேண்டும்' என்று நண்பர்களின் வாட்ஸப் குழுவில் நீளமாக ஒரு கட்டுரையே எழுதினேன். "கை எங்க இருக்குன்னு அந்தப் பொட்டிக்கு எப்படிடா தெரியும்?" என்று ஒருவன் கேட்டான். "டிவி ரிமோட் மாதிரிதான்" என்று அடித்துவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவும் இல்லை.

அதே சமயத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். தலத்தெருவில், சுகன்யா. பார்த்த உடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, அவ்வளவு பிடித்துவிட்டது. தனியாகப் பேச விட்டபோது ஹெட்செட்டைப் பற்றித்தான் உளறினேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அதுல மீன்கூட பிடிக்கலாமாமே?" என்று சிரித்தாள். நம்பர் வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே மீன்பிடி விளையாட்டைப் பதிவிறக்கினேன்.

சிக்கல் அவளுடைய அப்பாதான். காரைக்காலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சிக்கனமாகப் பேசுவார். மண்வெட்டி சரியில்லை, சுத்தியல் சரியில்லை என்று யார் திரும்பக் கொண்டுவந்தாலும், "பிடியில குத்தமா, புடிச்ச கையில குத்தமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாராம். பாதிப் பேர் அதிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். புரட்டாசியானாலும் விஜயதசமி நல்ல நாளாயிற்றே என்று அன்றைக்கு வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் ஆயுத பூசை. அம்மா வழக்கம்போல பைக், மிக்ஸி, அரிவாள்மனை, என் தாய்மாமாவின் டிராக்டர் சாவி என்று ஒன்றையும் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தார். என் ஹெட்செட்டும் பூசைக்கு வந்தது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்த அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியாடா, நாலு மூலையிலயும் வட்டமா பொட்டுக்குன்னே எடம் விட்டுருக்கான். வெளிநாட்டுக்காரனா இருந்தாலும் நல்ல பய."

நான்கு வட்டத்திலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். மேலே இரண்டு பொட்டும் கொஞ்சம் விலகிப் போயின. கீழே இரண்டும் கனகச்சிதம். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. படம் எடுத்து, 'தொழில்நுட்பமும் பண்பாடும்' என்று எழுதி வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். (இன்றைக்கு அதை நினைத்தாலும் காது சூடாகிறது.)

மறுநாள் சுகன்யாவைத் தவிர அவள் வீட்டார் வந்தார்கள். சுகன்யாவின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர், ஜன்னல், கதவின் கீல் எல்லாவற்றையும் பார்த்தார். என் தாய்மாமா மழை, உர விலை, நாற்று என்று எதை எடுத்தாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நம்மைப் பற்றி நல்லவிதமாக ஏதாவது காட்டியாக வேண்டுமே என்று எனக்குக் கை பரபரத்தது. போய் ஹெட்செட்டை எடுத்துவந்தேன். பொட்டைத் துடைக்கப் போனபோது அம்மா கையைப் பிடித்தார்.

"நல்ல காரியம் பேசுற நேரத்துல யாராவது பொட்ட அழிப்பாங்களா? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் பார்ப்பது எல்லாருக்கும் டிவியில் தெரிகிற மாதிரி செய்துவிட்டு, மாட்டிக்கொண்டேன். ஏரி ஒன்று மங்கலாக வந்தது. கூடவே, 'அறையில் வெளிச்சம் போதவில்லை' என்று ஒரு எச்சரிக்கை. பட்டப்பகலில்!

"மாமா, லைட்டப் போடுங்க" என்றேன் தாய்மாமாவிடம். டியூப்லைட் எரிந்தது. மறுபடியும் அதே எச்சரிக்கை. ஜன்னல்களைத் திறந்தார்கள். வாசல் விளக்கைப் போட்டார்கள். மாமா தன் செல்போன் டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கும் எச்சரிக்கை போகவில்லை.

"என்ன தம்பி செய்யப் போறீங்க?" என்று சுகன்யாவின் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மீன் புடிக்கப் போறேன் மாமா."

"அதுக்கு ஏன் தம்பி இம்புட்டுக் கஷ்டம்? மண்டபத்தூர் போனா கரையிலயே கெடைக்குமே."

"அய்யய்யோ, புரட்டாசி மாசம்டா!" என்று அம்மா பதறினார். "பூசை செஞ்ச வீட்டுல மீனா?"

"அது நெசமான மீன் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்தேன். கையைத் தூக்கினால் தெரிந்தது, இறக்கினால் மறைந்தது. தூண்டில் நட்ட நடு வானத்தில் தானாகத் தொங்கியது. டிவியில் அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த நிமிடமே விரிவுரையைத் தொடங்கினேன்.

"இதுதான் மாமா இந்த ரகத்துல பிரச்சினை. பொட்டியெல்லாம் நல்லாத்தான் செய்யுறானுங்க. கன்ட்ரோலர்லதான் காசை மிச்சம் பண்றானுங்க. கையில புடிக்கிறது சரியில்லன்னா தலையில மாட்டுறது எப்படி இருந்து என்ன?"

"அப்ப பிடியிலதான் குத்தங்குறீங்க?"

"நூத்துக்கு நூறு பிடியிலதான் மாமா."

சொன்ன வேகத்திலேயே, பலமாக வீசினால் சரியாகிவிடும் என்று கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஓங்கி வீசினேன். அவர் டிவியைச் சரியாகப் பார்ப்பதற்காகக் காபி டம்ளரோடு எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? கை எதிலோ 'ணங்' என்று பட்டது. சூடாக ஏதோ என் காலில் தெறித்தது. அம்மா "அண்ணே!" என்று அலறினார். ஏரியில் ஒரு வாத்து அமைதியாக நீந்திக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா, தெரியாம பட்டுடுச்சு மாமா" என்று ஹெட்செட்டைக் கழற்றாமலே இரண்டு கையையும் குவித்துக் கெஞ்சினேன். கழற்றிப் பார்த்தால் நான் பீரோவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை மார்பிலிருந்து வேட்டி வரை பழுப்பு. மீசையில் நுரை.

அவர் கோபப்படவில்லை, அதுதான் பயங்கரம். தாய்மாமா கொடுத்த துண்டால் துடைத்துக்கொண்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். பெண் தேடி அலைந்த எந்த ஆணுக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் போன பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை. நான் ஹெட்செட்டோடு பேசவில்லை. சுகன்யா இனி இல்லை என்று நினைத்தபோது நெஞ்சு உண்மையிலேயே வலித்தது.

சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. 'அப்பா சட்டையைப் பார்த்தேன். உங்க ஸ்டேட்டஸையும் பார்த்தேன். அம்மா பொட்டு வச்சிருக்குற நாலு வட்டமும் கேமராதானே? அதுங்கதானே கையைப் பாக்கணும்?'

அப்போதுதான் விளக்கப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே படம் போட்டு எழுதியிருந்தான். டிவி ரிமோட் மாதிரி எல்லாம் இல்லை. அந்த நான்கு கேமராவும் பார்த்துத்தான் கை எங்கே இருக்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. நாங்கள் அதன் கண்ணில் சந்தனத்தை அப்பிவிட்டு, முகத்தில் டார்ச் அடித்து, வெளிச்சம் போதுமா என்று கேட்டிருக்கிறோம்.

'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று அனுப்பினேன்.

'நான் கண்ணாடி போடுறவ. வருசா வருசம் பூசையில யாராவது என் கண்ணாடிக்கும் பொட்டு வச்சிடுவாங்க.'

மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மாட்டினேன். கை இரண்டும் சமர்த்தாக வந்து நின்றன. முதல் வீச்சிலேயே மீன் மாட்டியது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, அவளுடைய அப்பா.

"தம்பி, பிடியில குத்தமில்லையாமே?"

"இல்ல மாமா."

"புடிச்ச கையிலயும் குத்தமில்ல. கண்ணத் தொறந்து விட ஒரு ஆளு இல்லாததுதான் குத்தம். எங்க வீட்டுல இருக்குற புள்ளயே அதுக்குச் சரியா இருக்கும்னு தோணுது. அம்மாகிட்ட போனக் குடுங்க, நாள் பாக்கச் சொல்லணும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.

தையில் கல்யாணம் நடந்தது. விலை குறைந்த ஹெட்செட்டுகளுக்கு நல்ல கன்ட்ரோலர் தேவையா என்று குழுவில் யாராவது இப்போது கேட்டால், தேவைதான் என்றே சொல்வேன். முதுகுக்குப் பின்னால் கை இன்னும் மறையத்தான் செய்கிறது. ஆனால் கேட்டவரிடம், முதலில் ஒரு துணியை எடுங்கள் என்பேன். மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால், "மாப்ள கையில எதும் இருக்கா?" என்று பார்த்துவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொடுகிறார்.

அம்மாவும் மாறிவிட்டார். ஆயுத பூசையன்று புதுச் சாமான் எது வந்தாலும் குங்குமக் கிண்ணத்தோடு நின்று, "சுகன்யா, இது கண்ணா, நெத்தியா?" என்று கேட்காமல் பொட்டு வைப்பதில்லை. எங்களுக்கு மகள் பிறந்து, குளிப்பாட்டி முதல்முதலாக மைப்பொட்டு வைக்கப் போன அன்றும், விரலைக் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "நெத்திதான் அத்தே, தாராளமா வைங்க" என்றாள் சுகன்யா. மாமனார் சிரித்த சிரிப்பில், இந்தமுறை காபியை அவரே தன் வேட்டியில் கொட்டிக்கொண்டார்.