மூதவை நிறைவேற்றிய முக்கோணம்

சுழியத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். சுழியத்துக்குச் சுழல் கதிரையும் குளிரூட்டிய அறையும் பெற்றுக்கொடுத்தவர் யாரென்பதில் சர்ச்சையே கிடையாது. அவர்தான் எங்கள் வாவிக்கரைப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர், கணிதப் பேராசிரியர் அலன் சாமித்தம்பி அவர்கள்.

குருக்கள்மடத்தில் பிறந்தவர். துறைத்தலைவரானதும் வகுப்பெடுப்பதை நிறுத்தினார். பீடாதிபதியானதும் வாசிப்பதை நிறுத்தினார். உபவேந்தரானதும், நிறுத்துவதற்கு எதுவும் மிச்சமில்லாமல், 'வழிகாட்ட'த் தொடங்கினார். அவருடைய துறையில் விரிவுரையாளனாக இருந்து, அந்த வழிகாட்டலைக் கிட்ட நின்று தரிசிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

கணிதத்தைத் தாம் மறக்கவில்லையென்று காட்ட, இறுதிப் பரீட்சைக்கு ஒருமுறை அவரே கேள்வி தந்தார். 'கிரானில் ஒரு முக்கோண வயல். பக்கங்கள் முந்நூறு, நானூறு, எண்ணூறு மீற்றர். பரப்பைக் காண்க.'

மாணவர்கள் சூத்திரத்தில் போட்டார்கள். வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறி வந்து நின்றது. உபவேந்தரின் கேள்வியல்லவா? குறியை மரியாதையாக விழுங்கிவிட்டு ஏதோவொரு விடை எழுதிச் சித்தியடைந்தார்கள். ஓட்டமாவடி றுமைஸா மட்டும் 'இப்படியொரு வயல் இருக்க முடியாது' என்று எழுதினாள். புள்ளி சுழியம். முதல் வகுப்புப் போனது. அவளுக்கென்று துறை பார்த்துவைத்திருந்த விரிவுரையாளர் வேலையும் அதோடு போனது.

நானே அவளை உபவேந்தரிடம் கூட்டிப்போனேன்.

"சேர், முந்நூறும் நானூறும் சேந்தாலும் எழுநூறுதானே? எண்ணூறுக்கு எட்டாதே."

அவர் ஒரு தாளில் வரைந்தார். திருப்பி வரைந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அட, மூலை முட்டுதில்லயே புள்ள! நல்லா மாட்டியிரிக்கன்!"

அந்த ஒரு நிமிடம் அறைக்குள் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். றுமைஸாவும் சிரித்துவிட்டாள். பிறகு தொலைபேசி அடித்தது. அவர் கண்ணாடியை மாட்டி உபவேந்தரானார்.

"நீ சொல்றது சரிதான் புள்ள. ஆனா உபவேந்தர் பிழை விட்டாரெண்டா பல்கலைக்கழகத்துர பேர் என்னாகும்? மூதவைக்குக் குடுப்பம்."

பீடாதிபதிகளும் பேராசிரியர்களும் அமரும் மூதவை கூடியது. மீன் பணிஸ் பரிமாறப்பட்டது.

"வயல் ஆர்ர?" என்று விவசாயப் பீடாதிபதி கேட்டார்.

"மூலை முட்டாதாமே?" என்றார் நூலகர்.

"இண்டைக்குக் கொள்கையளவில முட்டட்டும்," என்றார் உபவேந்தர். "மிச்சத்தை உபகுழு பாக்கும்."

எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. எல்லாக் கைகளிலும் பணிஸ். முக்கோணம் 'ஏகமனதாக' நிறைவேறியது.

றுமைஸா ஓட்டமாவடியில் ரியூசன் வகுப்புத் தொடங்கினாள். "சுழியம் போட்டதக்கூடத் தாங்கலாம் சேர்," என்றாள் என்னிடம். "சரியெண்டு கண்ட பொறகும் மாத்தல்லியே, அதான் ஏலாம இரிக்கி."

உபவேந்தருக்குச் சிறந்த நிருவாகி விருது கிடைத்தது. இந்த வருடம் அவருடைய மகன் உயர்தரத்தில் கணிதம் எடுத்திருக்கிறான். பின்னேரங்களில் உபவேந்தரின் வாகனம் அவனை ஏற்றிக்கொண்டு றுமைஸாவின் வகுப்புக்கு ஓடுகிறது.

"ஏன் சேர் அவ்வளவு தூரம்? நம்மட துறையிலயே இத்தினை பேர் இரிக்கமே?" என்று கேட்டேன்.

உபவேந்தர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க படிப்பிக்கிறது மத்தாக்கள்ர புள்ளயள, தம்பி. இது என்ட புள்ள."