இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

வயலுக்குத் தண்ணீர் திருப்பும் முறை எங்களுடையதாக இருந்த ஒரு காலையில், மடை பார்க்க அனுப்பப்பட்ட நான் விலங்கியல் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சில வரிகள். தட்டை மீன் பிறக்கும்போது மற்ற மீன்களைப்போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் பிறக்கிறது. கொஞ்ச நாளில் ஒரு கண் மெல்ல மெல்லத் தலையைச் சுற்றி ஊர்ந்து, மறுபக்கம் போய் மற்றக் கண்ணுக்கு அருகில் குடியேறிவிடுகிறது. பிறகு மீன் குருட்டுப் பக்கத்தைக் கீழே போட்டு மணலில் படுத்துக்கொள்கிறது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு நாங்கள் குடியேறியதே பெரிய காரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். தட்டை மீன்களை வகைப்படுத்தும் விஞ்ஞானி ஆவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். தீர்மானித்து முடிப்பதற்குள் எங்கள் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

"மீன்ரை கண் எங்கை போனால் உனக்கென்னடா? உன்ரை கண் எங்கை போனது?" என்றார் அப்பா.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றுவரை நான் ஒரு மீனையும் கையால் தொட்டதில்லை. நாங்கள் சைவம். எங்கள் வீட்டுப் படலைக்குள் மீன் வராது. மீன் விற்கிறவரின் சைக்கிள் மணிகூட எங்கள் வேலியைக் கடக்கும்வரை அடக்கமாகத்தான் அடிக்கும். ஆனால் செட்டையில், அதாவது துடுப்பில், விசிறிக் கம்பிபோல ஆரைகள் கொண்ட அந்த மீன் பெருங்கூட்டத்தின் வரிசைகளும் குடும்பங்களும் எனக்கு மனப்பாடம். (நீச்சல் புத்தகத்தைப் பாடமாக்கியவன் குளத்தில் குதிக்கும் தைரியம் என்னிடம் இருந்தது.)

இந்தப் போகத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு மண்வெட்டியைத் தூக்கவேண்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, முல்லைத்தீவுக் கரையின் மீன் வகைகளைப் பதிய ஓர் அதிகாரி கொழும்பிலிருந்து வந்திருக்கிறார், படித்த உதவியாளன் ஒருவனைத் தேடுகிறார் என்று செய்தி வந்தது. விண்ணப்பம் போட்டேன். தட்டை மீன்கள் சிலவற்றைச் சேகரித்து, வகைப்படுத்திக்கொண்டு சனிக்கிழமை காலை நேரில் வரும்படி பதில் வந்தது. மண்வெட்டியைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை சைக்கிளில் தண்ணீரூற்று ஊரைத் தாண்டி முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன். கரைவலை அப்போதுதான் கரையேறியிருந்தது. சவிரி அண்ணை என்ற மீனவர் வலையின் மடியை அவிழ்க்க, மீன்கள் கொட்டுண்டன. நடுவே ஒரு முழ நீளத்தில், மண் நிறத்தில், யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோல ஒரு பிராணி. இரண்டு கண்ணும் ஒரே பக்கம்!

"அண்ணை, இதின்ரை பேரென்ன?" என்று கத்தினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எருமை!" என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். காற்று கொண்டுபோய்விட்டது.

குனிந்து பார்த்தேன். அவருடைய வலையின்மேல் நின்றுகொண்டிருந்தேன். (செருப்போடு, இரண்டு காலாலும்.) நியாயமான வசவுதான். "மன்னிக்கோணும் அண்ணை" என்று சொல்லி ஒரே பாய்ச்சலில் விலகினேன். அதற்குமேல் பெயர் கேட்கும் துணிவு வரவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: "உள்ளூர்ப் பெயர் இல்லை. மீனவர்கள் முன்கோபிகள்."

அவருடைய மனைவி பிலோமினா அக்காவிடம் ஐந்து மீன் வாங்கி மணலில் வரிசையாக அடுக்கினேன். மூன்றுக்குக் கண்கள் இடப்பக்கம். இரண்டுக்கு வலப்பக்கம். புத்தகத்தின்படி இடக்கண் மீன்கள் ஒரு குடும்பம், வலக்கண் மீன்கள் வேறு குடும்பம். ஆக ஒரே வலையில் இரண்டு குடும்பம்! அதுமட்டுமா, ஊர்ந்து வந்த கண் முழுதாக வந்து சேரவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவன்போலத் தலையின் விளிம்பில் நின்றது. பரிணாமம் என் கண் முன்னால், பாதி வழியில், முல்லைத்தீவு மணலில் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது.

"குடும்பம் வேறை, சாதி வேறை, இனமும் புதுசு…" என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினேன்.

"என்ன தம்பி, மீனுக்குக் கலியாணம் பேசுறியளோ?" என்றார் பிலோமினா அக்கா.

இடக்கண் மீனுக்கு அதிகாரியின் பெயரையும் வலக்கண் மீனுக்கு என் பெயரையும் லத்தீன் வால் ஒட்டிச் சூட்டினேன். மீன்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே என்று விழித்தபோது அக்காவே வழி சொன்னார்.

"அம்மா உங்களை வளவுக்குள்ளை விடுவாவோ? உப்புப் போட்டு வைக்கிறன். காலமை நானே கொண்டு வாறன்."

மறுநாள் கடற்கரையில் மீனவர் வாடிக் குடிசையொன்றில் மேசை போட்டு அதிகாரி இருந்தார். பிலோமினா அக்கா மீன் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் பேசினேன். பட்டிமன்றத்தில்கூட அப்படிப் பேசியதில்லை. இரண்டு குடும்பம், இரண்டு புதிய இனம், பாதி வழியில் நிற்கும் கண்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு மீனை எடுத்தார்.

"தம்பி, இது ரண்டு குடும்பமில்லை. ரண்டு இனமுமில்லை. எல்லாம் ஒரே மீன். இதிலை இடக்கண்ணும் வரும், வலக்கண்ணும் வரும்."

"அப்ப, கண் பாதி வழியிலை நிக்குதே சேர்?"

"அதுக்கு அதுதான் வீடு. தட்டை மீன்களிலை ஆகப் பழைய கிளை இது. இஞ்சை பாரும், முதுகுச் செட்டை தலைக்குப் பின்னாலைதான் துவங்குது, முன்னுக்கு முள்ளும் கிடக்கு. நிமிர்ந்து நீந்தின மூதாதையின்ரை சாடை. மற்றதுகள் செட்டையைத் தலைக்கு மேலை நீட்டி, கண்ணையும் முழுசாய்க் கொண்டந்திட்டுதுகள். சரி, இதின்ரை விஞ்ஞானப் பேர் என்ன?"

"அது… நான்தான் வைச்சனான் சேர்."

அவர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "செட்டோடெஸ்… எரு… எருமெய்…"

வாசலிலிருந்து குரல் வந்தது. "ஓம், எருமை நாக்கு! அதைத்தானே என்ரை மனுசன் நேற்றுத் தொண்டை கிழியச் சொன்னது! இந்தத் தம்பி 'மன்னிக்கோணும்' எண்டு சொல்லிப்போட்டுத் துள்ளி ஓடுது!"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "பேர் வைச்ச வெள்ளைக்காரருக்குத் தமிழ்க் கரையிலை ஆரோ சொன்ன பேர் அது. அவருக்கு விளங்கினது உமக்கு விளங்கேல்லை."

பிறகு என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி, முன்கோபிகள் என்ற வரியை உரக்க வாசித்தார். "ஆர், என்ரை மனுசனோ? அது பிழையில்லை" என்றார் பிலோமினா அக்கா.

அன்று வேலை கிடைத்தது. பிலோமினா அக்காவுக்கு. அதிகாரி காட்டிய மீன் ஒவ்வொன்றின் பெயரையும், பருவத்தையும், எந்த ஆழத்தில் வலையில் படும் என்பதையும் அக்கா மூச்சுவிடாமல் சொன்னார். எனக்குக் கிடைத்தது ஒரு தவணை. "மூண்டு மாதம் இவவிட்டைப் படியும். நான் திரும்பி வரேக்கை உம்மைச் சோதிச்சுப் பாப்பன். தேறினால் எடுக்கிறன்."

வீட்டில் கதை எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது யாராவது என்னைத் திட்ட வாயெடுத்தால் அப்பா தடுத்துவிடுவார். "தமிழிலை பேசாதேங்கோ. அவன் லத்தீன் எண்டு நினைச்சு எழுதிப்போடுவான்." வயலுக்கு வருகிற விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லி, அவர்கள் சிரித்து முடியும்வரை என்னை வரப்பில் நிறுத்தி வைப்பார்.

இரண்டு மாதமாகப் பின்னேரங்களில் படிக்கிறேன். பிலோமினா அக்காவின் வகைப்பாட்டில் மொத்தம் நான்கு குடும்பங்கள்: சொதி மீன், குழம்பு மீன், பொரியல் மீன், கருவாடு. என் புத்தகத்தின் தட்டை மீன்கள் இந்த நாலு வீட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. ஏன் இது சொதிக்கு, அது பொரியலுக்கு என்று கேட்டால், "தின்னாத ஆளுக்கு எப்பிடித் தம்பி விளங்கப்படுத்துறது?" என்கிறார். சோதனையில் இதுவும் வருமாம். அதிகாரிக்கும் இந்தப் பட்டியல் நன்றாகப் பிடித்துப்போயிற்றாம்.

ஆகவே வருகிற ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்து பிலோமினா அக்கா குடும்பம் வந்த பிறகு, அவர்கள் வீட்டுக் குசினி அடுப்படியில் முதற் பாடம். முள்ளுக் குறைந்ததில் தொடங்கலாம் என்று தீர்மானம். வீட்டில், தண்ணீரூற்றில் ஒரு சிநேகிதனுக்குச் சுகமில்லை, பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா பாவம், நோயாளியின் வாய்க்கு உறைப்பாக இருக்கட்டும் என்று தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் நிறையத் தந்திருக்கிறார். மறக்காமல் கொண்டுவரச் சொல்லி பிலோமினா அக்கா நேற்றும் நினைவுபடுத்தினார். மீன் பொரியலுக்கு அது அந்தமாதிரி ருசியாக இருக்குமாம்.