இரண்டு மணி நேரக் கணவர்

எனக்கு ஒரு கணவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுமார் இரண்டு மணி நேரம். பெயர் முருகேசன். இந்த விஷயம் அவருக்கே தெரியாது என்பதுதான் அந்தத் தாம்பத்தியத்தில் இருந்த ஒரே சிக்கல்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. தர்மபுரியிலிருந்து திருச்சிக்கு மாற்றலாகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கே.கே. நகரில் ஒரு மாடி வீடு, ஒரு நாற்காலி, ஒரு தட்டு. சனிக்கிழமை மாலை அலுவலகத்தில் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த பேச்சு திங்கட்கிழமை "குட் மார்னிங் சார்"தான். நடுவில் குரல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் பால் பாக்கெட்டிடம் பேசியிருக்கிறேன். (அது பதில் சொல்லலைங்க. அந்த அளவுக்கு இன்னும் போகலை.)

ஒரு வண்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படியோ தோன்றிவிட்டது. வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் போவதற்கு ஓர் இடம் இருக்கும் அல்லவா? அண்ணனின் பைக்கில் ஓட்டக் கற்றவள் என்பதால், ஸ்கூட்டர் எல்லாம் நமக்குச் சரிப்படாது என்ற கௌரவம் வேறு. பழைய வண்டி விற்கும் ஓர் இணையதளத்தில் ஒரு மாதம் மேய்ந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பைக்கைப் பிடித்தேன். கறுப்பு நிறம். "சிங்கிள் ஓனர், அதிகம் வெளியே போகாதது" என்று போட்டிருந்தது. என்னைப் பற்றியே எழுதியது போல் இருந்தது.

அதே தளத்தில் ஓர் அறிவுரையும் இருந்தது: வண்டி பார்க்கப் போகும்போது, விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். கேஸ், கேபிள், மேனேஜர், வீட்டு ஓனர், மறுபடி மேனேஜர். தனியாகவே பஸ் ஏறினேன்.

விற்பவர் ரங்கராஜன், ஓய்வுபெற்றவர். வண்டி அவர் மகனுடையது, மகன் வெளிநாட்டில். வாசலில் என்னைப் பார்த்ததும், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தெருமுனை வரை எட்டிப் பார்த்தார்.

"ஆத்துக்காரர் வரலியாம்மா?"

"இல்லை" என்று சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் அந்த எட்டிப் பார்த்தல் என்னவோ செய்துவிட்டது.

"அவருக்கு வேலைங்க."

"ஞாயித்துக்கிழமையுமா? என்ன பேரு?"

திருச்சியில் அலுவலகத்துக்கு வெளியே நான் வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுகிற ஒரே ஆணின் பெயர் வாயில் வந்தது. "முருகேசன்."

முருகேசன் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் கேன் போடுபவர்.

"பேஷ். இந்தாங்கோ ஹெல்மெட், ஓட்டிப் பாருங்கோ. ஆனா போனையும் பையையும் இங்கயே வெச்சுட்டுப் போங்கோ, தப்பா நெனச்சுக்கப்படாது. காலம் அப்படி இருக்கு. பெட்ரோல் ஒரு ரவுண்டுக்குத்தான் இருக்கு. நாலு தடவை வலப்பக்கம் திரும்பினா இதே வாசலுக்கு வந்துடலாம்."

கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள் உள்ள ஊர் அது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவது திருப்பத்தில் ஒரு சுற்றுலாப் பஸ் வழியை அடைத்து நிற்காமல் இருந்திருந்தால். நான் புத்திசாலித்தனமாக ஒரு கோபுர வாசலுக்குள் புகுந்து, உள்ளே இருந்த வீதிக்குப் போனேன். அதுவும் சதுரம்தான். நான்கு தடவை வலப்பக்கம் திரும்பினேன். வீடு வரவில்லை. இன்னொரு நான்கு. வரவில்லை. வேறு சதுரத்தைச் சுற்றுகிறேன் என்று உறைத்தபோது, பைக் இருமிவிட்டு நின்றது.

உருட்டத் தொடங்கினேன். ஹெல்மெட்டோடு. (கழற்றினா முகம் தெரியுமே!) வழி கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "கீழச் சித்திரையா, கீழ உத்தரமா, கீழ அடையவளஞ்சானா?" வீதிப் பெயரில் எனக்குக் 'கீழ' மட்டும்தான் ஞாபகம். மீதி போனில் இருந்தது.

பூக்கடை அம்மா ஒருவர் இரக்கப்பட்டுத் தன் போனை நீட்டினார். "வீட்டுக்குப் பேசும்மா."

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஓர் எண்ணும் மனப்பாடம் இல்லை. அம்மாவின் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் வந்தது. முழுசாகத் தெரிந்தது அலுவலக எண் ஒன்றுதான். வெறுங்கையாகத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு அதையே அழுத்தினேன். "வணக்கம். அலுவலக நேரத்தில் தொடர்புகொள்ளவும்" என்று ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது. என் குரல். குரல் தெளிவாக இருக்கிறது என்று மேனேஜர் என்னையே பேசிப் பதிவு செய்ய வைத்திருந்தார். நான் கூப்பிட்டு, நானே எடுத்து, நானே இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு அங்கேயே கொஞ்சம் அழுதேன்.

அந்த நேரத்தில் ரங்கராஜன் வீட்டில் என் போன் அடித்திருக்கிறது. திரையில் 'முருகேசன்'. மறுநாள் ஒரு கேனா, இரண்டு கேனா என்று கேட்க, யார் எண் என்றுகூடப் பார்க்காமல் நோட்டில் இருந்த எண்களை வரிசையாக அழுத்திக்கொண்டிருந்தவரிடம் ரங்கராஜன் பதறியிருக்கிறார்.

"சார், உங்க ஆத்துக்காரி வண்டியை எடுத்துண்டு போய் ஒரு மணி நேரம் ஆறது. இன்னும் வரலை!"

"என் சம்சாரமா? அவ இங்கதான சார் தோசை சுட்டுக்கிட்டிருக்கா?"

"கே.கே. நகர் முருகேசன்தானே?"

"முருகேசன்தான் சார்."

"அப்போ ஸ்ரீரங்கத்துக்கு வந்தது யாரு?"

அடுப்பை அணைத்துவிட்டு முருகேசனின் மனைவி அமுதா அக்கா போனைப் பிடுங்கினார் என்பது வரைக்கும்தான் இரு தரப்பும் ஒத்துப்போகிறது. அதற்குப் பிறகு பேசியதை இன்றுவரை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.

பூக்கடை அம்மா விசாரித்துக் கைகாட்டிய வீதியில் நான் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, வாசலில் காலி கேன்களோடு ஒரு லோடு ஆட்டோ நின்றது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி அமுதா அக்கா. முருகேசன் ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் பாதி மறைந்து நின்றார். எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் வெளியே வந்திருந்தது.

"நீதான் இவரு சம்சாரமா?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"மாடி வீட்டுப் பொண்ணு!" என்றார் முருகேசன், உயிர் வந்தவராக. "ஒரு கேன் வாங்குமே, அது!"

"ஏம்மா, பொய் சொல்றதுன்னா ஊர்ல வேற பேரே கெடைக்கலயா உனக்கு?"

ஏதாவது கதை சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எனக்கு இந்த ஊர்ல வேற யார் பேரும் தெரியாதுக்கா" என்று வந்துவிட்டது.

ரங்கராஜன் வேட்டி நுனியைச் சரிசெய்தார். முருகேசன் குனிந்து, தேவையே இல்லாமல் பைக்கின் செயினைத் தொட்டுப் பார்த்தார்.

அமுதா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரங்கராஜன் பக்கம் திரும்பினார். "டயர் இப்படி வழுக்கையா இருக்கு, இதுக்கு இந்த வெலையா சார்? இந்தப் பொண்ணு தனியா வந்தா என்ன வேணா சொல்லுவீங்களா?"

அரை மணி நேரம் பேரம் நடந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. பைக் லோடு ஆட்டோவில் கேன்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு வந்தது. காவிரிப் பாலம் தாண்டும்வரை முருகேசன் நேரே பார்த்தபடியே ஓட்டினார். அதற்குமேல் அடக்க முடியாமல் அமுதா அக்காதான் முதலில் சிரித்தார்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெரும்பாலும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போகிறது. அம்மா ஒருமுறை வந்து தங்கியபோது, அமுதா அக்கா இந்தக் கதையைக் குரல் மாற்றி நடித்தே காட்டிவிட்டார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதற்கு முன்பெல்லாம் போன் செய்தால் அம்மாவின் முதல் கேள்வி "கல்யாணத்தப் பத்தி என்னம்மா முடிவு பண்ணியிருக்க?" என்பதுதான். இப்போது அது மாறிவிட்டது.

"என்ன, மாப்பிள்ளை கேன் போட்டுட்டுப் போனாரா?"

"போட்டாரும்மா. ஒண்ணுதான்."

இருவரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும், அவள் கேட்க நினைத்ததைக் கேட்காமல் இருப்பது எனக்குக் கேட்கும். பிறகு, "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று அவளே வைத்துவிடுவாள்.